ஸ்கூட்டர் கேள்விகளும் ஆரஞ்சு மிட்டாயும்

போன சனிக்கிழமை பல் டாக்டர் முன்னால் குற்றவாளியாக நின்றேன். பல்வலி என்னவோ என் மகளுக்கு!

சுபா ப்ளஸ் டூ படிக்கிறாள். பரீட்சைக்கு இரண்டு மாதம். எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இது ஒரு வீட்டு விஷயமில்லை; மொத்த பிளாக்கின் விஷயம். பால் பூத்தில் நின்றால்கூட "பாப்பா ஃபிசிக்ஸ்ல எவ்ளோ சார்?" என்பார்கள். நான் சும்மா இருப்பேனா? தினமும் காலையில் அம்பத்தூர் டியூஷனுக்கு அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும்போது, வழி நெடுகக் கேள்வி. முன்னால் பார்த்துக்கொண்டே நான் கத்துவேன்; பின் சீட்டிலிருந்து பதில் வரும். நேரம் வீணாகக் கூடாது, பாருங்கள்!

ஆறே மாதத்தில் நான்கு பல்லில் சொத்தை.

"மிட்டாய்தான் டாக்டர்! எப்பப் பார்த்தாலும் கன்னத்துல ஒரு ஆரஞ்சு மிட்டாய்" என்று பூந்தமல்லி டாக்டரிடம் முந்திக்கொண்டேன்.

அவர் அவளைத்தான் கேட்டார். "அவ்ளோ பிடிக்குமாம்மா?"

"பிடிக்கிறதெல்லாம் இல்ல. வாய் காஞ்சுபோய் நாக்கு ஒட்டிக்குது டாக்டர். மிட்டாய் போட்டாத்தான் பேச்சே வருது."

"எப்பல்லாம் காயுது?"

சுபா என்னைப் பார்த்தாள். "காலையில ஸ்கூட்டர்ல... அப்பா பாடத்துல கேள்வி கேக்கும்போது."

டாக்டருக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஒரு பஞ்சுச் சுருளை அவள் கன்னத்தில் அடக்கி, ஜன்னல் வழியே பஸ் ஸ்டாண்டை வேடிக்கை பார்க்கச் சொன்னார். இரண்டு நிமிடம். எடுத்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அடுத்த பஞ்சை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப நீங்க கேளுங்க சார். தினமும் கேக்குற மாதிரியே."

கேட்டேன். லென்ஸ் விதி, பென்சீன், அப்புறம் ஒரு கணக்கு. பஞ்சோடு பதில் சொன்னவளின் குரல் மூன்றாவது கேள்வியில் காணாமலே போனது.

"இன்னா சார், எனக்கே பரீட்சை எழுதுற மாதிரி இருக்குது... பாப்பா இன்னா பண்ணும்?" என்றார் பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் ஏழுமலை.

இரண்டாவது பஞ்சு கிட்டத்தட்ட போனபடியே, காய்ந்தே திரும்பி வந்தது.

"ரெண்டு பஞ்சை வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ணிட முடியாது" என்றார் டாக்டர். "ஆனா பயம் வந்தா எச்சில் குறையும். பல்லைக் கழுவிக் காப்பாத்துறதே எச்சில்தான். அது இல்லாத வாயில இனிப்பை ஊற வச்சா? இப்படியே விட்டா கடைவாய்ப் பல் ஒண்ணைப் பிடுங்கணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எச்சில் என்றால் முகம் சுளிக்கிறோமே, அது இத்தனை வேலை செய்கிறதா? நல்ல மார்க் வாங்க வைக்கிறேன் என்று கிளம்பி, பெண்ணின் பல்லுக்கே வேட்டு வைத்திருக்கிறேனே!

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரில் வாயே திறக்கவில்லை. திருமுல்லைவாயில் தாண்டும்போது ஒரு கேள்வி தொண்டைவரை வந்தது... விழுங்கிவிட்டேன். பின் சீட்டில் ஏதோ பாட்டை முணுமுணுக்கும் சத்தம். இந்த ஆறு மாதத்தில் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

டியூஷன் வாசலில் இறங்கியவள், பையிலிருந்து ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்கப்பா. கேள்வியே கேக்காம வந்தீங்கள்ல... உங்களுக்குத்தான் வாய் காஞ்சு போயிருக்கும்."