மாம்பழம், சாவி, சட்டை, கோயில், மழை

அடுத்தவர் தலைக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று கேள்வி கேட்டே பார்ப்பதுதான் என் பிழைப்பு. கோட்டைப்பட்டினத்தில் நடக்கும் மனநல முகாமில் டாக்டருக்குப் பக்கத்து மேசை எனக்கு. ஞாபகம், கவனம் இரண்டையும் சோதித்து அவரிடம் சொல்ல வேண்டும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடும் உங்களையும் என்னையும் பற்றிப் பயமில்லை; நம்முடையது வெறும் மறதி. முருகேசனுடையது அப்படியல்ல.

இன்றைக்கு யார் முறை?

முருகேசன் விசைப்படகு டிரைவர். காற்றில் படகு கவிழ்ந்தபோது, அவர் கையைப் பிடித்திருந்த தம்பி நழுவிப் போய்விட்டான். அதற்குப் பிறகு தூக்கமில்லை, சட்டி விழுந்தால்கூட நடுங்குகிறார், 'நான்தான் விட்டுட்டேன்' என்பதைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்பதில்லை என்று மனைவி செல்வி கூட்டி வந்தார். தேறிவிட்டார் என்று டாக்டர் சொன்னால்தான் மறுபடி போட்டில் ஏற்றுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

எடுத்ததும் கிழமை கேட்டேன். தெரியவில்லை. எங்கள் கரையில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் கடலுக்குப் போவதில்லை. முறை வைத்து மாறி மாறிப் போகும். இன்றைக்கு யார் முறை என்றாவது சொல்லுங்கண்ணே என்றேன். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "கரையில போட்டு நிக்கிதான்னு ஒருதடவ பாத்துட்டு வந்து சொல்லவா சார்?"

மீன் பெயர்கள்

தெரிந்த பெயர்களை நிறுத்தாமல் சொல்லச் சொல்வது அடுத்த சோதனை. கடல்காரர்களிடம் மீன் பெயர் கேட்பேன். அதில் திணறிய ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. முருகேசன் "நகரை, காரல், சீலா" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார். பிறகு "காரல்" என்றார். மறுபடியும் "காரல்". நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

பின்னால் நின்ற செல்வி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுக்கக் கூடாதும்மா என்று அதட்டினேன். "எடுத்துக் குடுக்கல சார், தானா வருது. நான் பொன்னமராவதிக்காரி, எனக்கு மீனப் பத்தி என்ன தெரியும்? இம்புட்டுப் பேரும் கல்யாணமான புதுசுல அவரு சொல்லிக் குடுத்ததுதான்."

ஸ்கேன்

செல்வியின் அண்ணன் முருகேசனைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. படத்தில் தெரியாத வலியோடு அலைந்தவர்களுக்கு, அதற்கப்புறம் கேட்கவேண்டிய பேச்சு எப்படியிருக்கும் என்று தெரியும். பயம் தீராமலே கிடந்தால் மூளையில் ஞாபகத்தைச் சேர்க்கிற இடம் சோர்ந்துபோகும், ஆபத்து ஆபத்து என்று கத்துகிற இடம் மட்டும் ஓயாது, சாதாரண ஸ்கேனில் அது கண்ணுக்குத் தெரியாது என்று முடிந்தவரை விளக்கினேன்.

அண்ணன் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மாப்ள நடிக்கலங்கிறீங்க, நான் நம்புறேன். ஊர்ல எவன் சார் நம்புவான், எடுத்த படமே நல்லாருக்குங்குதே?"

மறுசோதனை

கடைசியில் ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்பேன். முதல்முறை அவருக்கு ஒன்றுகூட வரவில்லை. மாத்திரை சாப்பிட்டுச் சில மாதம் கழித்துத் தேய்த்த சட்டையோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "மாம்பழம், சாவி, சட்டை, கோயில், மழை" என்று ஒப்பித்துவிட்டுச் செல்வியைத் திரும்பிப் பார்த்தார். செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்குப் பின்னால் நின்று கேட்ட வார்த்தைகளை, பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார்செய்வதுபோல வீட்டில் உருப்போட வைத்திருக்கிறார்.

வேறு ஐந்து வார்த்தைகளைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துக் கேட்டேன். மாம்பழம், சாவி என்றே மறுபடியும் ஆரம்பித்தார். டாக்டரும் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் போட்டில் ஏறக் கூடாது, எப்போது என்றும் சொல்ல முடியாது என்றார். முருகேசன் எழுந்து வெளியே போனார். செல்வி நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார். "தெனம் விடிஞ்சதும் அதத்தான் சார் சொல்லிக் குடுத்தேன். நான் சொல்றது அவரு தலையில நிக்கும்னு தெரிஞ்சிருந்தா, 'தம்பி செத்தது ஒங்களால இல்ல'ன்னு சொல்லிக் குடுத்திருப்பேனே."

தம்பியின் கை நழுவிய நினைப்புக்குப் பக்கத்தில், இத்தனை படித்த நான் அந்த மனிதருக்குக் கொடுத்தனுப்பியது ஒரு மாம்பழமும் சாவியும்தான்.