வெள்ளிக்கிழமை கடலுக்குப் போனவன்

கஸ்னாடியை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். என் படகில் வலை இழுக்கிறவன். குள்ளம், பேச்சு குறைவு, நாலு பச்சை மிளகாயைக் கடித்தால்தான் சோறு தின்றதாக ஒப்புக்கொள்வான். நடுவில் இரண்டு வருடம் நிலக்கரி மின் நிலையத்தில் சாம்பல் அள்ளப் போய், இருமலோடு திரும்பி வந்தான். போன வருடம் புதுக் கைபேசி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். சிக்னல் கிடைக்கிற மட்டும் அவன் கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. வாயைத் திறக்காதவன் விரலால் யாரிடம் அவ்வளவு பேசுகிறான்?

மின் நிலையத்துக்கு மூன்றாவது கொதிகலன் வைப்பதா, கைவிட்ட உப்பளத்தில் சூரியத் தகடு போடுவதா என்று ஜகார்த்தாவில் இழுபறி நடந்த நேரம் அது. பேஸ்புக்கில் ‘அசல் மீனவன்’ என்று ஒருவன் முளைத்தான். எங்கள் கரங்வாரு ஊர்க்காரனாம். கரியால் மீன் குறையவில்லை, எதிர்க்கிறவன் எல்லாம் வெளிநாட்டுக் காசு தின்கிறவன், ராத்திரியில் சூரியனை எங்கே போய்த் தேடுவது என்று தினமும் எழுதினான். ஆயிரக்கணக்கானவர்கள் ஆமாம் போட்டார்கள். தொலைக்காட்சியில் அவன் எழுதியதை வாசித்தார்கள். மின் நிலையத்துச் சுடுதண்ணீர்க் கால்வாயால் இறாலே போச்சு என்று போன மாதம் அழுத ஆள்கூட, காபிக் கடையில் ராத்திரிச் சூரியனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். கூலிக்குக் கருத்து எழுதுகிற பஸ்ஸர் எவனோ ஊருக்குள்ளேயே இருக்கிறான் என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம்.

ஒருநாள் வலையில் மீனுக்குப் பதில் கரித் தோணியிலிருந்து விழுந்த கரிக்கட்டி வந்தது. பலாப்பழம் அளவு. வலை கிழிந்த வயிற்றெரிச்சலில், “எடுத்துட்டுப் போங்கடா, மீனாவது சுடலாம்” என்றேன். மூன்றாம் நாள் அசல் மீனவன் எழுதியிருந்தான்: ‘கடலில் விழும் கரியும் எங்களுக்கு வரம்தான். எங்கள் படகுத் தலைவர் அதில்தான் மீன் சுடுகிறார்.’ எனக்கு ரத்தம் தலைக்கேறியது. படகில் இருந்தது நாலு பேர். மற்ற இரண்டு பேரிடமும் பட்டன் போன்.

கஸ்னாடியைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றேன். காரணம் கேட்காமல் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். அவன் கேட்காததையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். ஊரும் பிடித்துக்கொண்டது. வேறு எந்தப் படகிலும் அவனை ஏற்றவில்லை. கருவாட்டுக் களத்தில் மீன் புரட்டப் போனான்.

அடுத்த வாரம் ஒரு காலை ஒன்பது மணிக்கு வலை தைத்துக்கொண்டிருந்தபோது அசல் மீனவனின் புதுப் பதிவைப் படித்தேன். ‘இப்போதுதான் கரை சேர்ந்தேன். படகு கொள்ளாத மீன்.’ அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஒரு படகும் கடலுக்குப் போகாது. தொழுகையும் வலை தைக்கிற வேலையும்தான். ஊர்க் கால்வாயில் அத்தனை படகும் முந்தின நாள் கட்டியபடியே நின்றன.

களத்துக்கு ஓடினேன். “இத எழுதினவன் நம்ம ஊர்க்காரனே இல்லடா” என்றேன்.

கஸ்னாடி கைபேசியை நீட்டினான். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே சொந்தப் பெயரில் கேட்டிருந்தான்: எந்தப் படகு, யார் வலை, எந்த நாள்? பதில் இல்லை. முகம் தெரியாத கூட்டம் அவனைத் திட்டியது மட்டும் இருந்தது.

“எழுதறது நீங்கன்னுதான் நான் நெனச்சேன்ண்ணே” என்றான். “அந்தக் கரி வார்த்தை உங்க வாயில வந்தது. அதான் எறங்கச் சொன்னதும் ஒண்ணும் கேக்கல.”

அந்த வார்த்தையை நான் இன்னொருவனிடமும் சொல்லியிருந்தேன். என் மருமகன் கினஞ்சார். காருட் மலைக்காரன், ஜகார்த்தாவில் கம்ப்யூட்டரில் ஏதோ எழுதுகிற வேலை. தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன மீன், யார் என்ன பேசினார்கள் என்று விசாரிப்பான். எந்த ஊர் மாப்பிள்ளை மாமனாரை இப்படி விசாரிக்கிறான் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். கரிக் கதையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டானே.

சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கென்றே ஒரு பொய் சொன்னேன்: திருக்கை வயிற்றில் தங்க மோதிரம் கிடைத்தது. வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிறு காலை அசல் மீனவன் எழுதினான்: ‘எங்கள் கடலில் மீன் வயிற்றில் தங்கமே கிடைக்கிறது. கடல் கெட்டுவிட்டதாம்.’

என் மகள் முஃபிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஊருக்குள் கஸ்னாடிதான் பஸ்ஸர் என்று முடிவாகிவிட்டது. அப்படியே விட்டால் என் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் அப்படியே விட்டேன். வெட்கக்கேடு, ஆனாலும் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரி திரையில் அசல் மீனவனைக் காட்டி, இதுதான் மீனவர்களின் குரல் என்றார். கரியில் மீன் சுட்டதை வாசித்தபோது சபை சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், “எழுதினவன் இங்கதான் இருக்கான், கஸ்னாடிய எழுந்து நிக்கச் சொல்லுங்க” என்றான். கஸ்னாடி இருமினான். தலையைத் தூக்கவில்லை.

நான் எழுந்தேன்.

“அந்தப் படகு என்னுது. கரியில எவனும் மீன் சுடல, கரி எங்க வலையத்தான் கிழிச்சுது. வெள்ளிக்கிழம கடலுக்குப் போற மீனவன் இந்த ஊர்ல கெடையாது. கஸ்னாடி எழுதல. எழுதினது என் மருமகன். ஊர்க்கதையெல்லாம் சொல்லிக் குடுத்தது நான்.”

அதிகாரி திரையை அணைக்கச் சொன்னார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கஸ்னாடி மட்டும் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தான்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குக் கைபேசி அடித்தது. செய்தி இன்னும் அவனுக்குப் போகவில்லை போலிருக்கிறது. குரலில் அதே மரியாதை.

“மாமா, இன்னைக்குக் கூட்டத்துல யாரு என்ன பேசினாங்க?”

“நான் பேசினேன் மாப்ள” என்றேன். “சொல்றேன், எழுதிக்க. இந்தத் தடவ என் பேரப் போட்டே எழுது.”