மீன் பெட்டியில் போன விரல்

போன வருடம் ஆடி மாதம். மயிலாப்பூரில், நொச்சிக்குப்பத்தை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வீம்பு உண்டு. புது கட்டிங் மெஷின் வாங்கினால், சக்கரத்தை மூடியிருக்கும் 'கார்டு' என்கிற தடுப்பைக் கழற்றி எறிவதுதான் முதல் வேலை. கோடு சரியாகத் தெரியவில்லை என்பது சாக்கு. கார்டோடு வெட்டுபவனுக்குக் கத்துக்குட்டி என்று பெயர். நான்தான் பெரிய மேஸ்திரி ஆயிற்றே! வாசலில் உட்கார்ந்து வெட்டும்போது மெஷின் ஒரு துள்ளு துள்ளியது. என் இடதுகைக் கட்டைவிரல் தனியாக மண்ணில் கிடந்தது.

வலிக்கு முன்னால் பயம்தான் வந்தது. அந்த விரல் இல்லாமல் டைல்ஸை எப்படிப் பிடிப்பேன்? பிழைப்பே போச்சு என்று அழுதுவிட்டேன். கூட வேலை செய்த நண்பர் என் கையில் துண்டை இறுக்கிச் சுற்றிவிட்டு, விரலை எடுத்துக்கொண்டு எதிரே மீன் விற்ற அக்காவின் ஐஸ் பெட்டிக்கு ஓடினார். உள்ளே போடப்போனவரை அந்த அக்கா தடுத்துவிட்டார்.

"நேரா ஐஸ்ல போடாத நைனா! எங்க ஊட்டுக்காரு வெரலு போட் இன்ஜின்ல மாட்டி துண்டாச்சு. மீனு கணக்கா ஐஸுக்குள்ள பொதைச்சு எடுத்துனு போனோம். வெறைச்சுப் பூடுச்சு, ஒட்ட முடியாதுன்ட்டாங்க."

நாங்கள் வேலை செய்த வீட்டில் அக்கா சுத்தமான துணி வாங்கி, நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்றினார். கவரில் போட்டுக் கட்டினார். பெட்டியிலிருந்த மீனையெல்லாம் தார்ப்பாயில் கொட்டிவிட்டு, ஐஸ் மேல் கவரை வைத்து, பெட்டியோடு எங்களை ஆட்டோவில் ஏற்றினார்.

"கைய மேல தூக்கிப் புடி. ஒட்டிக்கும், அழாத."

ஒட்டிக்கொண்டது. பக்குவமாகக் கொண்டுவந்ததால்தான் முடிந்தது என்றார் டாக்டர்.

கட்டெல்லாம் பிரித்து, விரலுக்குப் பயிற்சியும் முடிந்தபின், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அக்கா பெட்டியைப் பார்க்கவே இல்லை. "மடக்கு, பாக்கலாம்" என்றார். மெதுவாக மடக்கினேன். பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த கணவரிடம், "யோவ், இங்க பாருய்யா, மடங்குது!" என்று கத்தினார். அவர் எழுந்து வந்து, கட்டைவிரல் இல்லாத தன் கையால் என் விரலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது கார்டு மாட்டாமல் நான் மெஷினைத் தொடுவதில்லை. யார் கத்துக்குட்டி என்றாலும் சரி, அந்த மனிதர் இழந்த விரலால் மிஞ்சிய விரல் இது, இதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டாமா?