கோயில் பாதையில் கட்டிய வெள்ளைக்கொடி

வெள்ளைப் பொலித்தீன் காற்றில் படபடக்கும் சத்தம் நினைவிருக்கிறதா... மழை விட்ட பிறகு ஈரத்தோடு சப்சப்பென்று அடிக்குமே, அது. எனக்கு இன்றைக்கும் அந்தச் சத்தம் ஆகாது.

மஹய்யாவயில் எங்கள் சந்தில் யார் இறந்தாலும் மெயின் ரோட்டிலிருந்து மரண வீடு வரை கயிற்றில் வெள்ளைப் பொலித்தீன் கொடி கட்டுவோம். வழி தெரியாதவர்களும் கொடியைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்துவிடுவார்கள்.

நான் டவுனில் புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் ஒரே மகள் ரெஜினா, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். என்னோடு படித்தவள். சரியான வாயாடி.

அவள் இருந்த நாட்டில்தான் அந்தப் பூகம்பம் வந்தது. டீவியில் பார்த்தோம்... மாடி வீடுகள் எல்லாம் கல்லும் மண்ணுமாகக் கிடந்தன. அன்றிலிருந்து ரெஜினாவின் போன் வேலை செய்யவில்லை.

ஞாயிறு பூசையில் ஃபாதர் அழுதேவிட்டார். அங்கே இறந்தவர்களுக்காகப் புதன்கிழமை சாயங்காலம் ஒரு பூசை வைப்போம் என்றார். போர்வை, உடுப்பு, பால்மா என்று சனம் கொண்டுவந்து குவித்தது. கோயில் இளைஞர்களுக்கு இன்னொரு யோசனை.

"அங்க அவ்ளோ பேரு செத்துக் கெடக்காங்க. கொடி கட்டக்கூட ஆளில்ல. நாம கட்டுவோம்."

நல்ல மனசுதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

மெயின் ரோட்டிலிருந்து கோயில் வரை கட்டத் தொடங்கினார்கள். கோயிலுக்கு முந்தின வீடு ஸ்டெல்லா அக்காவுடையது. அவர் வாசலில் நிற்கும் லைட் போஸ்ட் வரைக்கும்தான் கயிறு வந்தது. மிச்சத்துக்குக் கயிறு வாங்கக் கடைக்குப் போனார்கள்.

ஸ்டெல்லா அக்கா அந்த நேரம் மகளைப் பற்றி விசாரிக்க, அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்குப் போயிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர், கொடியைப் பார்த்துக்கொண்டே ஏறி வந்திருக்கிறார்... அதற்குள் மேல் சந்துப் பெண்கள் இரண்டு பேர், அவர்களும் கொடியை நம்பி, மரண வீட்டுக்குக் கொண்டுபோகிற சீனிப் பையோடு அவர் வாசலில் நின்றார்கள். நான் ஓடினேன்.

"யாரு சொன்னது?" என்று அக்கா கேட்டார்.

"யாரும் சொல்லலக்கா. ஒரு தகவலும் வரல. இது அங்க செத்தவங்களுக்குக் கட்டினது."

"அங்கதான புள்ள என் மகளும் இருக்கா."



அவரே கொடியைப் பிடித்து இழுத்தார். கயிறு கையை அறுத்தது, விடவில்லை. கடையிலிருந்து திரும்பிய பையன்கள் மிச்சத்தை அவிழ்த்தார்கள்.

புதன்கிழமை கூப்பிடப் போனேன். "செத்தவங்களுக்குத்தான பூசை. நான் எதுக்கு?" என்றார். வரவில்லை.

ரெஜினா வேலை செய்த வீடு இருந்த இடத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்று பிறகு ஏஜென்சியில் சொன்னார்கள். உடலும் கிடைக்கவில்லை. அதற்குமேல் யாரிடமிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. நாங்கள் ஜெபித்தது கொஞ்சமா... கடவுளுக்குக் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோபிக்காதீர்கள், வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை.

இப்போது எங்கேயாவது வெள்ளம், பூகம்பம் என்றால் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் மெழுகுவர்த்திப் படம் வருகிறது. நானும் ஒன்று போடுகிறேன். போட்டுவிட்டு சோறு வடிக்கப் போய்விடுகிறேன். முகம் தெரியாதவர்களுக்காக அன்றைக்கு அழுத அதே சனம்தான் நாங்கள்.

ரெஜினாவின் பிறந்தநாளுக்கு மட்டும் ஸ்டெல்லா அக்கா வருஷம் தவறாமல் பூசை ஒப்புக்கொடுக்கிறார். இறந்தவர்களுக்கான பூசை இல்லை, நன்றிப் பூசை. பழைய ஃபாதர், ரெஜினாவின் பெயரை மெதுவாக வாசித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த வருஷம் புது ஃபாதர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னிக்கு பிறந்தநாள் கொண்டாடுற ரெஜினா முன்னுக்கு வாங்க. ஆசீர்வாதம் குடுப்போம்."

கோயிலே தலைகுனிந்து இருந்தது. ஸ்டெல்லா அக்கா எழுந்தார்.

"மக வெளிநாட்டுல, ஃபாதர்."

"அப்ப எல்லாரும் அவங்களுக்காக ஒருக்கா கை தட்டுங்க."

தட்டினோம்.