வள்ளியூரில் ஓர் அரிசிக் கடை அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் மனநல மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களில் பாதிப் பேர் என்னோடு படித்தவர்கள், மீதிப் பேர் என் மனைவிக்குச் சொந்தம். அதனால் பேருந்து ஏறி வள்ளியூருக்குப் போனேன். இருபது வருடமாக ஊருக்கு மருந்து எழுதும் பொது மருத்துவன் நான். என் மனசுக்கு வைத்தியம் என்று தெரிந்தால், "டாக்டருக்கே கழண்டுட்டாம்லா" என்று என் கிளினிக் பெஞ்சு மறுநாளே காலியாகிவிடும் என்று பயம்.

வரவேற்பில் என்ன தொழில் என்று கேட்டார்கள். அரிசிக் கடை என்றேன். தொப்பை ஒத்துழைத்தது. பேருந்திலேயே அம்பை பதினாறு, பொன்னி என்று ரகங்களையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, பத்து நிமிசம் அங்கன உக்காருங்க" என்றார் நர்ஸம்மா. டாக்டராக இருந்து இவ்வளவு மரியாதையை நான் கண்டதில்லை. இப்போதும் மாதாமாதம் போகிறேன். அவருக்கு நான் இன்னும் அண்ணாச்சிதான்.

உள்ளே இருந்தவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளைய பெண் மருத்துவர். "சொல்லுங்க அண்ணாச்சி, என்ன செய்யுது?"

அங்கேதான் சொதப்பினேன். மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் முன்னால் நோயாளியைப் பற்றி ஒப்பிப்போமே, அந்த ராகம் தானாக வந்துவிட்டது.

"நாற்பத்தெட்டு வயது ஆண் பேஷண்ட். மூன்று மாதமாகத் தூக்கமின்மை, பசிக்குறைவு. சர்க்கரை இல்லை. பிரஷர் இல்லை. வலிப்பு வந்ததில்லை. தலையில் அடிபட்டதில்லை..."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எந்த அரிசிக் கடையில இப்படிக் கேஸ் சொல்லுதாங்க?"

மானம் கப்பலேறியது. ஆனாலும் பாழும் வாய் நிற்கவில்லை. அந்த 'இல்லை' பட்டியலுக்குக் கடைசி வரி ஒன்று உண்டு. மனசு சரியில்லை என்று என்னிடம் வருபவர்களின் சீட்டில் யோசிக்காமல் எழுதித் தள்ளும் வரி.

"தற்கொலை எண்ணம்..." என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை. மேசையில் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது. எனக்கு என்னை நினைத்தே பயமாக இருந்தது.

அவர் அவசரப்படுத்தவில்லை. "பைய சொல்லுங்க" என்றார். "டாக்டர்னா இல்லைன்னுதான் எழுதுவீங்க. அரிசிக் கடை அண்ணாச்சியாவே சொல்லுங்க. இருக்கா?"

"இருக்கும்மா" என்றேன்.