சத்தம் போடாத ட்ரில் மெஷின்

2009இல் லண்டன் லூயிஷாமில் சுத்தியல், ட்ரில் போன்ற கருவிகள் விற்கும் கடையொன்றில் வேலை செய்தேன். இலங்கையில், ஊரில் சண்டை உச்சத்தில் இருந்தது. என் தங்கை வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்தாள்.

லண்டனின் சட்டன் பக்கம் சொந்த வீடுள்ள நம்மவர் ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, மேசையில பூட்டுற ட்ரில் மெஷின் ஒண்டு வேணும். வீட்டிலயே துவக்குச் செய்யப்போறன்."

துப்பாக்கியா என்று நான் ஏற இறங்கப் பார்க்க, அவரே தொடர்ந்தார்.

"சத்தம் குறைஞ்ச மெஷினாக் காட்டும், தம்பி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கவுன்சிலுக்குச் சொல்லிப்போடுவாள்."

"துவக்குச் சத்தம் அவவுக்குக் கேளாதோ, அண்ணை?"

"சே, சுடுறதுக்கில்லை. ஷோகேசுக்குள்ள வைக்க. வீட்டுக்கு வாற ஆக்கள் பாக்கட்டும்!"

மெஷின் இல்லையென்று அனுப்பிவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் ஏழெட்டு மெஷின்கள் நின்றன.

இன்றும் யாராவது வீரம் பேசினால், அவர் வீட்டு ஷோகேஸ் எத்தனை அடி என்று கேட்க வாய் துடிக்கிறது.