அம்மை வாசித்த நிற அட்டை

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி நடந்தது. எங்கள் சார் ஒரு பெரிய அட்டையில் இருபது சொற்களை எழுதித் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் நிறங்களின் பெயர்கள். ஆனால் 'சிவப்பு' என்பதைப் பச்சை மையில் எழுதியிருப்பார், 'மஞ்சள்' என்பதை நீலத்தில். எழுத்தை வாசிக்கக் கூடாது. மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்ல வேண்டும். இருபதையும் தப்பில்லாமல் சொன்னால் பரிசு. கண் ஒன்றைக் காட்டும், வாய் இன்னொன்றை வாசிக்க ஓடும், நடுவில் கிடந்து மூளை திண்டாடும் என்று சார் விளக்கினார். குச்சியால் சொல்லைத் தொட்டுக் காட்டுவது என் வேலை.

தலைமை ஆசிரியரே நான்காவது சொல்லில் உளறிவிட்டார். தபாலாபீசில் வேலை பார்த்த மாமா ஏழாவதில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, சுற்றிய பீடியைக் கடையில் போட்டுவிட்டு என் அம்மை வந்து நின்றாள். சார் அவளையும் கூப்பிட்டார். அம்மைக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. படித்தவர்களே திணறும் இடத்தில் அவள் என்ன செய்வாள்? நாளை வகுப்பே என்னைப் பார்த்துச் சிரிக்கும். திருச்செந்தூர் முருகனுக்கு மனசுக்குள் மொட்டை நேர்ந்துகொண்டேன்.

குச்சியால் முதல் சொல்லைத் தொட்டேன். அம்மை தயங்கவில்லை. பச்சை, ஊதா, சிவப்பு என்று இருபதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நீலத்தை ஊதா என்கிறாரே, செல்லுமா என்று சார் இழுத்தார்.

"நம்ம ஊருல அதுக்கு ஊதான்னுதாம்வே பேரு. தோத்தவன் நானே சொல்லுதேன், பரிசைக் குடும்" என்றார் தலைமை ஆசிரியர்.

எவர்சில்வர் கிண்ணம் கிடைத்தது. எங்கம்மை, எங்கம்மை என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

வீட்டுக்கு நடக்கையில் அம்மை யாருக்கும் கேட்காதபடி பையக் கேட்டாள். "அந்த அட்டையில என்னட்டி எழுதியிருந்துச்சு?"

எல்லாம் நிறத்தோட பேருதான், மாத்தி மாத்தி எழுதியிருந்துச்சு என்றேன்.

"பாவம், ஒங்க சாரு, படிச்ச மனுசன், தப்பா எழுதிட்டாரு. நீயாவது பைய எடுத்துச் சொல்லப்பிடாதா?"

அந்த மாதமே மொட்டை போட்டுக்கொண்டேன். முருகன் அம்மைக்கு ஒரு நிமிஷம் மட்டும் எழுத்தைக் கொடுத்து, வீடு சேர்வதற்குள் திருப்பி வாங்கிக்கொண்டான் என்றே நம்பினேன். அவள் கண்ணுக்கு அங்கே எழுத்தே இல்லை, நிறம் மட்டும்தான் இருந்தது என்பது அன்று எனக்கு எட்டவில்லை.